மாமா கிணற்றுக்கு ஓர் இரண்டு பக்கப் போர்டு

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய வடக்கனந்தல் பச்சமுத்து மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் அன்புச்செல்வன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே போர்டைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்கள், அத்தை, மாடுகள் எல்லோரும் நலம் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியிலேயே "இருடா, மாடு அவுத்துக்கினு ஓடுது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டார் சும்மா ஓடி உள்ளே காயில் கம்பி கருகாமல், தானாக நிற்பதற்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அது உங்கள் கிணற்றில் வேலை செய்தால் நான் ஊரிலேயே இருந்து இந்தத் தொழிலைப் பார்க்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை ஓசூர் பஸ், சித்தப்பா கம்பெனி, நைட் ஷிப்ட். இது அப்பாவின் தீர்ப்பு. எலக்ட்ரானிக்ஸ் படித்த மகன் சொன்னால் நம்ப மாட்டார், பத்தாவது பாதியில் விட்ட மச்சான் சொன்னால் நம்புவார். உங்களைக் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சீப்பு வைக்கிற அளவுதான் இடம் என்று நீங்கள் சொன்னதால், போர்டைச் சிறிதாக்கி இரண்டு பக்கமும் செம்புக் கோடு போட வேண்டியதாயிற்று. கஷ்டமான வேலை இல்லை. படத்தை வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து அயர்ன் பண்ணினால் கருப்பு மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் போட்டால் மை மூடிய இடம் கோடாக நிற்கும், மற்ற செம்பு கரைந்துபோகும். ஒரே நிபந்தனை, யாரும் குறுக்கே வந்து உதவி செய்யக் கூடாது. இந்த ஊரில் அது நடக்குமா? பிரிண்ட் கடை சுபஸ்ரீயிடம் போனேன். கவிழ்த்து ஒட்டும் பக்கம் என்பதால் மேல்பக்கப் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, அயர்ன் பண்ணி, கரைத்து முடித்த பிறகு பார்த்தால் எழுத்தெல்லாம் இடமும் வலமும் மாறிக் கிடக்கிறது. திரும்ப ஓடிப் போய்க் கேட்டால், "எழுத்து திரும்பிக்கினு இருந்துச்சுண்ணா, நான்தான் நேரா வச்சுக் குடுத்தேன். அதுக்குத் தனியா காசு வேணாம்" என்கிறது. முதல் தகடு அப்படிப் போனது. இரண்டாவது தகட்டை நார் போட்டுத் தேய்த்து, கைரேகைகூடப் படாமல் துடைத்து, மேசை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் நான்கு மூலையிலும் மஞ்சள். அம்மா, புது நோட்டுக்கு வைப்பது போல வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லெண்ணெயில் குழைத்து. "புதுப் பொருளைச் சும்மாவா எடுப்பாங்க? ரெண்டு பக்கமும்தான வேலை செய்யுது, பின்னாடியும் வச்சிருக்கன் பாரு" என்றார்கள். கரண்ட் உள்ளே வருகிற கோடுகள் அந்த மூலைகளில்தான் இருக்கின்றன. எத்தனை தடவை தேய்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு விடவில்லை, அங்கே மட்டும் மை ஒட்டவே இல்லை.

மூன்றாவது தகட்டுக்குக் கரண்ட் இல்லை. அயர்ன் பாக்ஸ் ஆறிக்கொண்டிருக்க, ஒரு தாளை முன்னும் ஒரு தாளைப் பின்னுமாக வைத்து, விளிம்பில் ஸ்டேப்ளர் பின் அடித்து, உறைக்குள் பத்திரிகை மாதிரி தகட்டைச் செருகிக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓடினேன். வண்டிக்கார ராசு அண்ணன் கரிப்பெட்டியை என்னிடம் தரவில்லை. "நம்ம கையில குடு தம்பி, போலீஸ் பேண்ட்டே நான்தான் தேய்க்கறன்" என்று வாங்கி, நான் வாயைத் திறப்பதற்குள் சொம்பில் கைவிட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார். "தண்ணி தெளிக்காம இன்னாத்த தேய்க்கறது?" தாள் ஊறி ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. முன்பக்கம் துளை போட்டால் பின்பக்கம் வேறொரு கோட்டின் நடு வயிற்றில் வந்து எட்டிப் பார்க்கிறது. அதையும் விடாமல் கரைசலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது, ரிஷிவந்தியம் கல்யாணத்துக்குக் கிளம்பிய அப்பா குனிந்து பார்த்தார். வேட்டியில் தெறித்தது.

"இன்னாடா இது, டீ கொட்டுன மாரி?"

"பெரிக் குளோரைடுப்பா."

"தொவைச்சா போவுமா?"

"போவாது."

"செரி. திங்கக்கெழமைக்கு ரெண்டு பேண்ட்டு எடுத்து வை."

இன்னும் ஒரே ஒரு தகடு மிச்சம் இருக்கிறது மாமா. யாரும் உதவிக்கு வராமல் இருந்தால் ஒரு வாரத்தில் முடிப்பேன். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, உங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, அடுத்த வாரம்தான் பார்க்க முடியும் என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். எனக்குப் பொய் வராது, உங்களுக்கு வரும். நாளை அம்மா அங்கே வருகிறார்கள், அவர்களிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்காமல் இருக்க நான்கு பக்கமும் பசை போட்டிருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை இரண்டு பக்கமும் படும்படி செய்யவும்.

இப்படிக்கு,
கா. அன்புச்செல்வன்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். அத்தை இப்போது அம்மாவிடம் போனில் சொன்னார்களாம், கல்வராயன் மலையில் மூன்று நாளாக மழை, உங்கள் கிணறு மேல்படிவரை ரொம்பிவிட்டது, தை மாசம் வரைக்கும் வற்றாது என்று. நான் செய்கிற போர்டுக்கு இருக்கிற ஒரே வேலை, தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவது. வற்றாதவரை அது சும்மா இருந்தாலே சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே மேலே கேட்ட பொய் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வந்து, போர்டு இருக்க வேண்டிய சின்னப் பெட்டியை ஸ்டார்ட்டருக்குள் மாட்டுகிறேன். உள்ளே ஒன்றும் இருக்காது, திறக்காதீர்கள். நீங்கள் சுவிட்சைப் போடுங்கள், மோட்டார் பொழுதுக்கும் நிற்காமல் ஓடும். கண்ணால் பார்த்ததை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.