கேள்விப் பெட்டி திறந்த படலம்

சாக்கட்டிப் பொடி படிந்த விரலினன், தேய்ந்த செருப்பினன், இருபத்தெட்டுச் சிறாரின் பாவ புண்ணியங்களை ஒற்றை ஆளாய்ச் சுமந்த தடந்தோளன், இரண்டாம் வகுப்பின் சமயபாட சார் வாழ்க. அவன் புகழ்பாடப் புகுந்த என் நாவுக்கு, கரும்பலகைக்கு மேல் ஓடாது நிற்கும் கடிகாரமே, நீ துணை செய்வாயாக.

அம்மாவீரன் அஞ்சியது ஒன்றுக்கே. கொசுவைக் கொன்றால் பாவமா, கடவுளே தப்பு செய்தால் யாரிடம் மன்னிப்புக் கேட்பார் எனச் சிறார் தொடுத்த வினாக்கணைகள் மார்பில் தைத்துத் தைத்து நொந்த நாளில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் சீட்டு நுழைய வாய் கீறி, "எவ்வினாவாயினும் எழுதி இதனுள் இடுக, வெள்ளிதோறும் விடை பகர்வேன்" என்று முழங்கினான். அன்றே இன்னொரு சட்டமும் பிறந்தது: "பொய்யுரைத்தோர் மணி அடிக்கும்வரை கடைசி பெஞ்சில் தனித்திருக்கக் கடவர்." அச்சட்டத்துக்கு இதுவரை பதினோரு பேர் பலி.

அதன்பின் வகுப்பில் பேரமைதி. கடினமான சீட்டுகள் யாரும் அறியாமல் அவன் சட்டைப்பை புகுந்தன. எளிய சீட்டுகள் மட்டும் வெளிவந்தன. அவற்றுள் பாதி அவனே இடக்கையால் எழுதியவை. பெரியோரை மதிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவன் இருபது நிமிடம் விடையளித்தான்.

அவ்வெள்ளியன்று, முன்பல் இரண்டும் களத்தில் இழந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"மூணு வாரமா ஒரே கேள்விய போடுறேன் சார். தம்பி தண்ணி பாட்டில நான்தான் உடைச்சேன். அம்மா அவன அடிச்சிட்டாங்க. இப்ப நான் சொல்லணுமா, வேணாமா?"

சொல் என்றால் இவள் முதுகு பழுக்கும். சொல்லாதே என்றால் தன் பாடமே பாழாகும். இருபுறமும் பகை சூழ்ந்த வேந்தனெனத் தவித்தவன், கையில் கிடைத்த கேடயத்தைத் தூக்கினான்.

"அப்படி ஒரு சீட்டு பெட்டியில வரவே இல்லையேம்மா."

"ரோஸ் பேப்பர்ல எழுதினேன் சார். உங்க பாக்கெட்ல தெரியுது."

ஐம்பத்தாறு கண்கள் அவ்வெண்சட்டைப் பையை முற்றுகையிட்டன. மெல்லிய துணியினூடே ரோஸ் நிறம் பளிச்சென்று தெரிந்தது. எத்தனை மேடை கண்டவன், எத்தனை பெற்றோரைச் சமாளித்தவன், அந்தோ, அவன் காதுமடல்கள் அச்சீட்டின் நிறமே பூண்டன. சிறுமி உட்காரவில்லை. அவளுக்கு வேண்டியது வெற்றியன்று. மாலை வீட்டுக்குப் போனதும் என்ன செய்வது என்பது மட்டுமே. அதை உணர்ந்த கணத்தில் அவனுக்கு உண்மையாகவே வெட்கமாயிருந்தது. சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். சாக்கட்டியைக் கீழே வைத்தான். கன்னித் தமிழின் கடுஞ்சொற்கள் யாவும் கைவிட்ட அந்நெடுவழியில், பெஞ்சுகளுக்கு நடுவே, வகுப்பின் பின்பக்கம் நோக்கி நடந்தான்.

கடைசி பெஞ்ச் குட்டையாக இருந்ததால், மணி அடிக்கும்வரை சார் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.