தம்பி மீட்டிங்கில் இருக்கிறான்

இலஞ்சி,
ஜூலை 12

அன்பு மருமகள் ஜெயபிரியாவுக்கு மாமா நல்லகண்ணு எழுதுவது. இங்கே நான், உன் அத்தை பாலம்மாள், சாரல் மழை மூவரும் சௌகரியம். நாலாவதாக ஒரு ஆளைச் சேர்க்காததை வைத்து எதையும் கண்டுபிடித்துவிடாதே.

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய நாற்பது கேள்விப் படிவம் வந்தது. மாதக்கணக்கில் அறையை விட்டு வராத பிள்ளைகள் ஜப்பானில் இருக்கிறார்கள், இத்தாலியில் இருக்கிறார்கள், நம் பக்கம் எப்படி என்று ஆராய்கிறாய், சரி. அதற்கு உன் மாமன் வீடுதான் கிடைத்ததா? வேலை போனதிலிருந்து என் மகன் பிரபு இரண்டு வருஷமாக மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான், வாஸ்தவம். சோற்றுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துக்கொள்வான். ஊருக்கு 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதுவே வினையாகிவிட்டது. வீட்டை விட்டு அசையாமல் சம்பாதிக்கிற பையன், ஒரு கெட்ட சகவாசம் கிடையாது என்று பெயர் பரவி, போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு குடும்பமே ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு மாப்பிள்ளை பார்க்க வந்து இறங்கிவிட்டது. "தம்பி மீட்டிங்ல இருக்கான்" என்றாள் உன் அத்தை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி தீர்ந்தது, மிக்சர் தீர்ந்தது, மீட்டிங் தீரவில்லை. "ஞாயித்துக்கெழம அப்படி என்ன மீட்டிங்கு?" என்று பெண்ணின் அப்பா கேட்க, "அமெரிக்காக்காரன் லேசுல விடமாட்டான் அண்ணாச்சி" என்று நான் சொல்ல, "இப்படி ஒழைக்கிற பிள்ளைய இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுது!" என்று மனுஷன் கண்கலங்கிப் போனார். மறுநாளே நாள் குறிக்கலாமா என்று போன். நான் எந்த முகத்தோடு பதில் சொல்ல?

இந்த லட்சணத்தில் உன் பதினொன்றாம் கேள்வி: 'வெளியே வராததன் காரணத்தை அவரிடம் கேட்டீர்களா?' பெற்றவனுக்குத் தெரியாத காரணமா? சோம்பேறித்தனம். ஒரு சொல்லுக்கு இரண்டு வரி இடம் எதற்கு விட்டிருக்கிறாய்? படிவத்தை நான் நிரப்பப் போவதில்லை. எங்கள் பெயரை அடித்துவிடு. நம் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது.

உன் அம்மாவிடம் எதையும் சொல்லாதே. இலஞ்சி முருகன் புண்ணியத்தில் சீக்கிரம் டாக்டர் பட்டம் வாங்கி, அதன் பிறகாவது வேறு நல்ல விஷயமாகப் பார்த்து ஆராய்ச்சி செய்.

இப்படிக்கு
மாமா நல்லகண்ணு

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அந்தப் பதினொன்றாம் கேள்வி உறுத்தியது. நான் கேட்டதே இல்லை. மாடிக்குப் போய், "ஏலே பிரபு, ஜெயா கேக்கா, நீ ஏன் வெளிய வர மாட்டேங்க?" என்றேன். உள்ளே காலடி கதவருகே வந்து நின்றது. பிறகு, "ஜெயா மட்டுந்தான் கேக்காளா?" என்றான்.

"நானுந்தாம்லே."

"அப்போ மொதக் கேள்வியில இருந்து வாசிங்கப்பா."

கதவோரம் தரையில் உட்கார்ந்து வாசித்தேன். தூக்கம் எப்படி என்றதற்கு, "நீங்க கொறட்ட விட்டா கெடையாது" என்றான். நான் சிரித்துவிட்டேன். உள்ளே அவனும் சிரித்தான். பதினொன்றுக்கு, "வெளிய வந்தா எல்லாரும் 'இப்ப என்ன செய்யுத'ன்னு கேக்காங்க. எங்கிட்ட பதில் இல்லப்பா" என்றான். அழுதுவிட்டேன் ஜெயா. அவனிடம் அதைத் தினமும் கேட்டவன் நான்தான்.

சுந்தரபாண்டியபுரத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் பெயரை அடிக்காதே. படிவம் பிறகு வரும். முப்பத்தெட்டு கேள்வி முடிந்தது, மிச்சம் இரண்டை நாளைக்கு வாசிக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதுவும் தீர்ந்தால் எதைச் சொல்லிக்கொண்டு அவன் கதவோரம் போய் உட்காருவது? ஜப்பான்காரர்களிடம் கேட்ட கேள்வி வேறு ஏதாவது இருந்தால் உடனே அனுப்பம்மா.