ட்ரா போதும் என்றார் லெட்சுமி அக்கா

கோலா கங்சார் சதுரங்கப் போட்டியில் அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. மணியம் அண்ணனை வேலையிடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.
2. கடிகாரத்தை அமுக்காமல், எதிராளி நகர்த்துவார் என்று பதினொரு நிமிடம் காத்திருந்தேன்.
3. எதிராளி ட்ரா கேட்டார். எங்களுக்கு வேண்டியதே அதுதான். மறுத்தேன்.
4. ராணியைத் தொட்டேன்.
5. லெட்சுமி அக்கா பதின்மூன்று வீடுகளுக்குப் போன் போட்டு, சொல்லியிருந்த லீவை ரத்து செய்தார்.

இந்த ஐந்தில் முதலாவது மட்டும் என் தவறு அல்ல. மற்றவற்றுக்கு நான் முழுப் பொறுப்பு.

ஈப்போவில் ரப்பர் கையுறை செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு டெக்னீஷியனாக இருக்கிறேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கசிந்தால் அதற்கு ஒரு படிவம் உண்டு. எந்த வரிசை, எந்த அச்சு, என்ன காரணம், அந்தக் காரணத்துக்கு என்ன காரணம் என்று நிரப்ப வேண்டும். அதை நிரப்பாமல் நான் சாப்பிடப் போனதில்லை.

சதுரங்கம் பழகியது ஆலை பஸ்ஸில், கைபேசியில். முதல் மூன்று மாதத்தில் என் மதிப்பெண் விறுவிறுவென்று தொள்ளாயிரத்துக்கு ஏறியது. வீட்டில் ஒரு மேதை பிறந்திருப்பதாக நான் மட்டும் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினொரு மாதம் அந்த எண் அங்கேயே நின்றது. திங்கட்கிழமை 930 என்றால் புதன்கிழமை 880. வெள்ளிக்கிழமை மறுபடியும் 900.

நான் பதற்றப்படுகிற ஆள் இல்லை. பட்டியல் போடுகிற ஆள். வீடியோ வீடியோவாகப் பார்த்து விதிகளைத் திரட்டினேன். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்பது மூன்றாவது விதி. முன்னிலையில் இருக்கும்போது ட்ராவுக்கு ஒப்புக்கொள்ளாதே என்பது பதினாலாவது. எதிராளியின் முகத்தைப் பார்க்காதே என்பது பத்தொன்பதாவது. மொத்தம் இருபத்து மூன்று விதிகள் சேர்ந்ததும் அச்சடித்து, ஆபீஸ் மெஷினில் லாமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டேன். தினமும் பத்து ஆட்டம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். தோற்றால் அந்த நொடியே ‘புதிய ஆட்டம்’ பொத்தானை அமுக்கிவிடுவேன். (தோத்த ஆட்டத்த யாரு ஒக்காந்து பாப்பா? வலிக்கும்லா.)

இந்த நிலைமையில்தான் லெட்சுமி அக்கா என்னை அணியில் சேர்த்தார். ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பதின்மூன்று பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மதியம் இறக்குவார். இடைப்பட்ட நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்து சின்னக் காந்தப் பலகையில் புதிர் போடுவார். அவர் முதல் போர்டு. அவருடைய கணவர் சேகர் அண்ணன் இரண்டாவது. ரொட்டிக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணன் மூன்றாவது. லாரிப் பட்டறை மணியம் அண்ணன் நாலாவது. நான் ரிசர்வ். பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் பார்த்துக்கொள்வது ரிசர்வின் கடமை. அதை நன்றாகவே செய்தேன்.

ஒன்பது வருடமாக இந்த அணி பேராக் மாநிலக் கட்டத்தைத் தாண்டியதில்லை. அந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு வரும்போது முதலிடத்தில் இருந்தது. கடைசியாகச் சுங்காய் அணியோடு மோதல். ஜெயித்தால் ஒரு புள்ளி, ட்ராவுக்கு அரை. நான்கு போர்டில் இரண்டு புள்ளி எடுத்தால் போதும், கோலாலம்பூரில் இறுதிப் போட்டி. லெட்சுமி அக்கா முன்கூட்டியே நம்பிக்கை வைத்து, இறுதிப் போட்டி நடக்கும் வெள்ளிக்கிழமை வேன் ஓடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார். பயணப் பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருந்தார் என்று சேகர் அண்ணன் பிறகு சொன்னார். (சொல்லாம இருந்திருக்கலாம்.)

மணியம் அண்ணன் கிளம்பியதும் அக்கா என் தோளைப் பிடித்தார்.

“புனிதா, கேளு. ஜெயிக்க வேணாம். ட்ரா போதும். பொலே? முடியும்லா?”

“பொலே கா.”

“வீரம் காட்டாத.”

“நான் என்னைக்குக் கா வீரம் காட்டியிருக்கேன்?”

அது உண்மை. அன்றைக்கு மதியம்வரை.

என் எதிராளி சுங்காய்ப் பக்கத்து செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளையாக, வேலை செய்பவர். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. என்னைப் பார்த்து, “மணியம் எங்க? அவனுக்குன்னு ஒரு வழி யோசிச்சு வச்சிருந்தேனே,” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிடம். நகர்வுகளை எழுத வேண்டும். எனக்கு வெள்ளை. முதல் மூன்று நகர்வு வேகமாகப் போனது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவரே கை நீட்டி எனக்காகக் கடிகாரத்தை அமுக்கிவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. நாலாவது நகர்வை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். கைபேசியில் நாம் நகர்த்தினால் நேரம் தானாக எதிராளிக்கு மாறிவிடும். அங்கே மாறவில்லை. கிராணி கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்று ஒன்றாகத் தின்றார். ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்தேன். பத்தொன்பதாவது விதிப்படி அவர் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே நின்ற மோட்டார் சைக்கிள்களை எண்ணினேன். இருபத்தேழு.

கடலை தீர்ந்ததும் அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, அத நீங்கதான் அமுக்கணும். மூனு வாட்டி நான் அமுக்கினேன், பழகிக்குவீங்கன்னு பாத்தேன்.”

பதினொரு நிமிடம் போயிருந்தது. நான் தலையாட்டிவிட்டு அமுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரு திட்டம் போலத் தெரிந்திருக்கும். பக்கத்து போர்டில் காதர் அண்ணன், “ஏ, நல்லா யோசிக்குது பிள்ள,” என்று சேகர் அண்ணனிடம் கிசுகிசுத்ததைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு, ஆச்சரியமாக, நன்றாக விளையாடினேன். கிராணி ஒரு சிப்பாயைக் கவனிக்காமல் விட்டார். வெட்டினேன். பதினெட்டாவது நகர்வில் ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். அதற்குள் மற்ற போர்டுகளில் கணக்கு தெளிவாகிவிட்டது. காதர் அண்ணன் ஜெயித்தார். சேகர் அண்ணன் தோற்றார். அக்காவின் ஆட்டம் ட்ராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரைப் புள்ளி. பாக்கி அரைப் புள்ளி என்னிடம்.

கிராணி பேனாவை மூடி, கை நீட்டினார். “ட்ராவா, தங்கச்சி? எங்களுக்கு வேன் வந்திருச்சு.”

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அணியை நினைக்கவில்லை. பதினொரு மாதத்தை நினைத்தேன். 880, 930, 900. என் முன்னால் நிஜமான ஒரு மனிதர், நிஜமான பலகையில், என்னைவிட ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவரை ஜெயித்தால் நான் தொள்ளாயிரத்து ஆள் இல்லை என்று ஆகிவிடும். கூடவே பதினாலாவது விதியும் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வேண்டியதை எனக்குச் சாதகமாகச் சொல்கிற விதி அந்த நேரத்தில் கையில் இருந்தது துரதிர்ஷ்டம்.

முதல் போர்டில் லெட்சுமி அக்கா இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார். ஆட்டம் நடக்கும்போது அணிக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது என்பதால் அவரால் முடிந்தது அவ்வளவுதான். அக்காவுக்குத் தொண்டை சரியில்லை போல என்று நினைத்து, எழுந்து போய் ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, “இல்லைங்க, ஆடலாம்,” என்றேன்.

“சரி,” என்றார் கிராணி. தோட்டத்து வேன் டிரைவரைப் பார்த்துப் பத்து விரலைக் காட்டினார். பத்து நிமிடமாம். அது மரியாதைக்குறைவாகப் பட்டது. பிறகு பார்த்தால் அவர் தாராளமாகவே சொல்லியிருந்தார். ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் இரண்டு யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நடு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார். என் ராஜாவுக்கும் அந்த யானைகளுக்கும் நடுவே இருந்தது என் ராணி மட்டும். எனக்கு நேரம் குறைவு. ராணியை எங்கெல்லாம் நகர்த்தலாம் என்று பார்க்க வேண்டியிருந்தது. கைபேசியில் ஒரு காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஆகவே ராணியின் தலையில் விரலை வைத்தேன். வைத்துக்கொண்டே காத்திருந்தேன்.

புள்ளி வரவில்லை. மரப்பலகை.

“தங்கச்சி,” என்றார் கிராணி, கிட்டத்தட்ட வருத்தமாக. “தொட்டா நகத்தணும்லா.”

ராணி அந்த வரிசையிலேயே நகர்ந்தால் யானை வெட்டும். யானையை வெட்டினால் பின்னால் நிற்கும் யானை வெட்டும். வரிசையை விட்டு விலகவும் முடியாது, ராஜாவுக்குச் செக் ஆகும். ராணியைத் தொடாமல் இருந்திருந்தால் நடுவில் குதிரையை நிறுத்தித் தப்பியிருக்கலாம். இருந்ததில் கௌரவமாகத் தெரிந்த கட்டத்தில் ராணியை வைத்தேன். இந்த முறை கடிகாரத்தை மறக்காமல் அமுக்கினேன்.

திரும்பும்போது எல்லாரும் வேனில், பிள்ளைகளுக்கான சின்ன இருக்கைகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். காதர் அண்ணன் வெற்றிக்கென்று கட்டிக்கொண்டு வந்த ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை. சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டினோம். ஒரு சிகப்பு விளக்கில் நின்றபோது அக்கா கண்ணாடி வழியாகக் கேட்டார்.

“ஒன்னும் சொல்ல மாட்டேன். ஒரே கேள்வி. ஏன்?”

“விதி பதினாலு கா.”

“என்னது?”

லாமினேட் அட்டையை எடுத்து நீட்டினேன். இருபத்து மூன்றையும் நிதானமாகப் படித்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் இருக்கு. ‘பலகையப் பாரு’ன்னு ஒன்னு இல்லையே.”

சேகர் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரும் தோற்றிருந்தார். என் புண்ணியத்தில் அதை யாரும் நினைக்கவில்லை. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. இன்றும் என்னைப் பார்த்தால் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கித் தருகிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எழுதி வைத்திருந்த நகர்வுத் தாள் பையில் கிடந்தது. கசக்கிப் போடத்தான் எடுத்தேன். ஆனால் ஆலையில் கசிந்த கையுறையை நான் கசக்கிப் போடுவதில்லை. ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, என் ஆட்டத்துக்கே குறைபாட்டு அறிக்கை எழுதினேன். எழுதி முடித்ததும் ஆர்வம் வந்து, கைபேசியில் கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களையும் திறந்து அதே படிவத்தில் நிரப்பினேன். பதினாறில் காரணம் ஒன்றே: எதிராளியின் கடைசி நகர்வு எதைக் குறிவைக்கிறது என்று நான் பார்க்கவில்லை. என் திட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மாதமாக நான் சேர்த்த விதிகள் எல்லாம் நான் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவை. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்க்காதே என்பதைத் தவிர.

அதன்பின் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பத்துக் குட்டி ஆட்டத்துக்குப் பதில் தினமும் ஒரே ஆட்டம், அரை மணி நேரம். தோற்றால் அறிக்கை எழுதாமல் அடுத்த ஆட்டம் கிடையாது. நகர்த்துவதற்கு முன், ‘இவர் ஏன் அதை வைத்தார்?’ என்று ஒரு கேள்வி. கேட்டு முடிக்கும்வரை இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருக்கும். (“கைய வெளிய எடுடி, குளிருதா என்ன?” என்று அம்மா கேட்பார்.) முதல் மாதம் மதிப்பெண் இறங்கியது. மூன்றாவது மாதம் ஆயிரத்தைத் தாண்டியது.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வில்லை. யாராவது இருமினால் தம்பி எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை மரியாதையாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, “இல்லைங்க, ஆடலாம்,” என்கிறான். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் இருமினார். அம்மாவே சிரித்துவிட்டார். காரணத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர்களுக்குப் புரியவில்லை.

மணியம் அண்ணன் ஜொகூருக்கு மாறிப் போனதால் இந்த வருடம் நான்தான் நாலாவது போர்டு. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தேன், ஒன்று ட்ரா. அணி மூன்றாவதாக வந்தது. முதலிடத்துக்குத்தான் கோலாலம்பூர்.

என் மதிப்பெண் இப்போது 1140. லெட்சுமி அக்கா இன்னும் கோலாலம்பூர் போகவில்லை.