முழு வான்கோழியும் மூடிய வாயும்

என் மனைவி குணபூசணிக்கு உலகத்தில் ஒரே ஒரு சமையல்தான் தெரியும். பிரட்டல். கோழி வந்தால் பிரட்டல். ஆடு வந்தால் பிரட்டல். நண்டு வந்தால், அது கொடுக்கைத் தூக்கி எவ்வளவுதான் ஆட்சேபித்தாலும், பிரட்டல். எங்கள் கிள்ளான் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்த எந்த ஜீவனும் துண்டு துண்டாகாமல், யாழ்ப்பாணத் தூளில் புரளாமல் மேஜைக்குப் போனது கிடையாது. நான் ஒருவன்தான் இன்னும் முழுசாக இருக்கிறேன். அதுவும் பார்வைக்கு மட்டும்.

ருசி இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. ஆனால் மனிதனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா?

அந்த மாறுதலைப் போன வருடக் கிறிஸ்துமஸ் அன்று என் மைத்துனன் செய்து தொலைத்தான். பெயர் ராதாகிருஷ்ணன். குணபூசணியின் தம்பி, அம்பாங்கில் இருக்கிறான். நாங்கள் எல்லாம் திருநீறு பூசுகிற கூட்டம். கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கும் லீவைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் எந்த மதத்துக்காரனுக்கு லீவு விட்டாலும் எல்லா மதத்துக்காரனும் சாப்பிட்டே ஆக வேண்டும். இவன் ஒரு முழு வான்கோழியை ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டு, குடும்ப வாட்ஸாப் குரூப்பில் படம் போட்டான். பக்கத்தில் சிவப்புக் குல்லாவோடு அவனும் நின்றான். இரண்டில் எது வான்கோழி என்று கண்டுபிடிக்க எனக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது.

குரூப்பே கைதட்டியது. குணபூசணி சிவப்பு இதயம் போட்டாள். நான் காலையில் பூத்த செம்பருத்தியோடு வணக்கம் போட்டால் ஒரு கட்டைவிரல்கூடக் காட்டாதவள்.

இந்த ராதாகிருஷ்ணனின் லட்சணம் என்ன தெரியுமா? வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் குடும்பத்தில் சுத்த சைவம். ஒரு வெள்ளிக்கிழமை இவன் கோழி வைத்துப் பொரித்த கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு செல்ஃபி போட்டான். நான்தான் குரூப்பில் கண்டனம் எழுதினேன். மூன்று தலைமுறை மானத்தையும் உள்ளே இழுத்து, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அப்படிப்பட்ட ஒழுங்கு கெட்டவன் கையிலா முழு வான்கோழி? நாடு எங்கே போகிறது?

இந்த டிசம்பர் பிறந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். குணபூசணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"குணம், இந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் தம்பி, அவன் பெண்டாட்டி ஜெயமாலா, உன் சித்தப்பா குடும்பம், எல்லாரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போறேன்."

"இருபத்தஞ்சாம் தேதியா?"

"பின்ன? கிறிஸ்துமஸ் என்ன முப்பதாம் தேதியா வருது?"

"இல்ல, அன்னைக்கு..."

"முழு வான்கோழி. நானே வாங்குவேன், நானே சமைப்பேன். வெட்டாம மேஜைக்கு வரும்."

"சரிங்க. ஆனா அன்னைக்கு..."

"பாத்தியா! ஆரம்பிச்சிட்ட. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் ஒரு காரியத்துல காலை வச்சா நீ ஒரு 'ஆனா' வைக்கிற. இந்த வான்கோழி மேஜைக்கு வர்ற வரைக்கும் அதப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

குணபூசணி சத்தியத்துக்குக் கையை நீட்டினாள்.

"மேஜைக்கு வர்ற வரைக்கும்தானே?"

"வர்ற வரைக்கும்."

"சத்தியம். ஒண்ணே ஒண்ணு. என் குசினிக்குள்ள மட்டும் அது வரக் கூடாது. பின்னால வச்சு என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ பெருமை வந்தது. அரசாங்க இலாகாவில் ஆயுசு முழுக்க மேலதிகாரிகளுக்குத் தலையாட்டியவன் நான். முதல் தடவையாக ஒரு உத்தரவு போட்டேன், அதுவும் நிறைவேறியது. உறவுக்காரர்களுக்கு "விருந்து, கட்டாயம் வரவும்" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். வான்கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை. ராதாகிருஷ்ணன் நேரில் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

யூடியூபைத் திறந்தேன். உலகத்தில் இத்தனை முட்டாள்கள் வான்கோழி சமைக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருத்தன் தோலுக்கடியில் கையை விட்டு வெண்ணெய் தடவினான். டாக்டர்கூட அப்படிப் பரிசோதனை செய்ய மாட்டார். ஒருத்தி பறவையைத் தலைகீழாகக் கிடத்தினாள். தலையே இல்லாததற்கு என்ன தலைகீழ்? இன்னொருத்தன் பீப்பாய் எண்ணெயைக் கொதிக்க வைத்து உள்ளே இறக்கினான். வீடியோவின் பிற்பாதியில் தீயணைப்பு வண்டி வந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், தேங்காய்ப்பாலில் சுண்ட வைக்கிற ரெண்டாங் கறி போடச் சொன்னார். அதற்கும் வெட்ட வேண்டுமாம். எல்லோரும் குணபூசணியின் கட்சி.

கடைசியில் பக்கத்து வீட்டு உமரிடம் போனேன். பண்டமாரானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"பாய், ஒரு முழு வான்கோழிய எப்படிச் சமைக்கலாம்?"

"ஆயாம் பெலாண்டாவா? பேசாம வெட்டி பிரியாணி போட்டுருங்கண்ணே."

"வெட்டுறதா இருந்தா உங்ககிட்ட ஏன் வர்றேன்? அதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு."

"அப்ப நம்ம கடை தந்தூரி அடுப்புல இறக்கிருவோம். ஆனா ஒண்ணு, ஹலாலா பாத்து வாங்குங்க. இல்லாட்டி கடைப் பக்கமே கொண்டு வராதீங்க லா."

ஹலாலாகவே வாங்கினேன். உறைந்து கல்லாகக் கிடந்தது. காரில் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கூட்டி வந்தேன். சுடுவதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும் என்பதில் மட்டும் யூடியூப் முட்டாள்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதற்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே.

"குணம், நம்ம பெரிய அலுமினியச் சட்டி எங்க?"

"லத்தீஃபா வீட்டுல."

லத்தீஃபா உமரின் மனைவி. குணபூசணிக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள வேலி, பாத்திரங்கள் போய் வருவதற்காகக் கட்டப்பட்டது.

"எதுக்கு?"

"அவங்களுக்குத் தேவைப்படும்."

"எப்பத் திருப்பித் தருவாங்க?"

"வேலை முடிஞ்சதும் தருவாங்க."

பெண்கள் ஒரு சட்டியைக்கூட வீட்டில் தங்க விட மாட்டார்கள். துணி துவைக்கிற வாளி ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து அதில் ஊற வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வாளியோடு உமர் கடைக்குப் போனேன். உமரின் தம்பி பாசில்தான் அங்கே ரொட்டி சுடுகிறவன். தந்தூரி அடுப்பின் வாயில் வான்கோழியை இறக்கிப் பார்த்தோம். கால் போனது. இடுப்பு போனது. நெஞ்சு போகவில்லை. திருப்பிப் போட்டோம். அப்போதும் நெஞ்சு போகவில்லை.

"கொஞ்சம் அமுக்குப்பா."

"அங்கிள், அமுக்கினா அடுப்பு ஒடஞ்சிரும். பேசாம ரெண்டா வெட்டிருவோமா?"

"வெட்டுற பேச்சே கூடாது!"

"அப்ப நாளைக்கு வர்றவங்களுக்கு ரொட்டி போட இடம் விடுங்க அங்கிள். இது அடுப்பு, கல்யாண மண்டபம் இல்ல."

இந்தக் காலத்துப் பையன்களுக்கு லட்சியம் என்றால் என்னவென்றே தெரியாது. உமர்தான் இரக்கப்பட்டு, மீன் சுடுவதற்காக வைத்திருந்த பாதியாக அறுத்த இரும்பு டிரம்மை மூடியோடு லோரியில் அனுப்பி வைத்தார். அதை வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்குக் கீழே நிறுத்தினேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் டிரம்மை விட்டு நகரவில்லை. கரியை மூட்டினேன். விசிறினேன். பூண்டு வெண்ணெய் தடவினேன். திருப்பினேன். கண் எரிந்தது, முதுகு ஒடிந்தது. என் வேட்டியில் இரண்டு ஓட்டை விழுந்தது. குசினிக்குள்ளே குணபூசணி தன் பாட்டுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் சொதி கொதித்தது. கத்தரிக்காய் வதங்கியது. உளுந்து வடை எண்ணெயில் சத்தம் போட்டது.

"வான்கோழிக்கு இவ்வளவு தொட்டுக்கையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

அவள் விரலால் உதட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த வடையைத் தட்டினாள். சத்தியமாம்! நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆகிறபோது உமர் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக வீட்டை விட்டு வெளியே வந்தார்.

"எங்க பாய், புதுச் சட்டை?"

"பள்ளிவாசலுக்குண்ணே."

"கிறிஸ்துமஸ் லீவுலயுமா?"

உமர் என்னைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். குசினி ஜன்னலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் இருமிக்கொண்டார். "போயிட்டு வந்து பேசுவோம்ணே," என்று வேகமாகப் போய்விட்டார். பொறாமை. தந்தூரியில் முடியாததை நான் டிரம்மில் முடித்துவிட்டேன் அல்லவா.

உண்மையிலேயே முடித்துவிட்டேன்! மூடியைத் திறந்தேன். தங்க நிறம். ஒரு இடம் கருகவில்லை. ஒரு துண்டு உதிரவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் வாழையிலை விரித்த தாம்பாளத்தில் முழுசாகப் படுத்திருந்தது. முன்கதவு வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, உணவு மூடியால் மூடினேன்.

எல்லோரும் வந்தார்கள். ராதாகிருஷ்ணன் இந்தத் தடவை குல்லா இல்லாமல் நெற்றி நிறைய திருநீற்றோடு வந்தான். நான் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உறவுகளே! போன வருஷம் ஒருத்தர் ஒரு படம் போட்டார். படம் யார் வேணும்னாலும் போடலாம். இந்த வல்லிபுரம் படம் போட மாட்டான். நேர்ல பரிமாறுவான்!"

மூடியைத் தூக்கினேன். கத்தியை ஓங்கினேன்.

ராதாகிருஷ்ணன் வாயைப் பிளந்தான். ஜெயமாலா பிளந்தாள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. ஆனால் ஒருவரும் வாயை மூடவில்லை. ஒரு கைதட்டல்கூட இல்லை.

"அத்தான்," என்றான் ராதாகிருஷ்ணன் மெதுவாக, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை லா."

கத்தி கையிலேயே நின்றது. ஓய்வு பெற்றவனுக்குத் தேதி தெரியும், கிழமை தெரியாது. எனக்குக் கிழமை சொல்வது காலையில் சாமி அறையிலிருந்து வரும் சாம்பிராணிப் புகைதான். வந்தால் வெள்ளி. அன்று காலை நான்தான் கரிப் புகைக்குள் நின்றுகொண்டிருந்தேனே!

"போன கிறிஸ்துமஸ்ல நீ மட்டும்..." என்று இழுத்தேன்.

"போன கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை அத்தான். காலண்டர் பாத்துத்தான் செஞ்சேன். நீங்க குரூப்புல எழுதினதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைன்னா முட்டை போட்ட கேக் கூடத் தொடுறதில்ல. நீங்கதான் எனக்குக் கண்ணத் தொறந்துவிட்டது."

இதைவிட அவன் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

குணபூசணி முன்னால் வந்தாள்.

"மேஜைக்கு வந்திருச்சுல்ல? இப்ப வாயத் தொறக்கலாமா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. இடியப்பம் சூடா இருக்கு. ஜெயமாலா, அந்த வடைத் தட்ட எடும்மா."

"குணம்," என்றேன் கெஞ்சலாக, "நாளைக்கு வச்சுச் சாப்பிடலாமே. ஐஸ்பெட்டியில வையேன்."

"ஐஸ்பெட்டி என் குசினிக்குள்ள இருக்கு. வெளிய வச்சா இந்த வெயிலுக்குக் கெட்டுரும். அப்புறம் உங்க இஷ்டம்."

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேலியோரம் லத்தீஃபா இரண்டு கைப்பிடித் துணியோடு தயாராக நின்றாள். யார் கூப்பிட்டது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் வான்கோழியை நானே தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு மேலே நீட்டினேன். அழுகை வந்தது. பேரன் எடுத்த வயதில் ஒரு பறவைக்காக அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

நான் முதல் இடியப்பத்தில் சொதியை ஊற்றியபோது பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது. டக். டக். டக். வெட்டுக்கத்தி பலகையில் இறங்குகிற சத்தம்.

"என்னங்க, சாப்பிடலையா?" என்றாள் குணபூசணி.

இதற்குள் ராதாகிருஷ்ணன் வேலையைக் காட்டிவிட்டான். நான் வான்கோழிக்கு மேலே கத்தியை ஓங்கி நிற்கிற படம் குரூப்பில் ஏறியிருந்தது. கீழே, "அத்தான் வீட்டு வெள்ளிக்கிழமை விரதம்." குரூப்பே சிரித்துப் புரண்டது. கடைசியில் ஒரு சிவப்பு இதயம். குணபூசணி போட்டது. எனக்கு அவள் போட்ட முதல் இதயம்.

மறுநாள் மத்தியானம் வேலிக்கு மேலே எங்கள் பெரிய அலுமினியச் சட்டி திரும்பி வந்தது. கனமாக வந்தது. திறந்தேன். பிரட்டல்! என் தங்க நிறத்து வான்கோழி துண்டு துண்டாக, கறுத்த மசாலாவில் கறிவேப்பிலையோடு புரண்டு கிடந்தது. கோபத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது துண்டையும் போட்டேன். நாலாவது துண்டில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இது கடைத் தூள் இல்லை. குணபூசணி வீட்டில் வறுத்து அரைக்கிற தூள்.

"குணம், இந்தச் சட்டிய நீ அவங்களுக்கு எப்பக் குடுத்த?"

"என் வாய மூடச் சொல்லி சத்தியம் வாங்கினீங்கல்ல, அன்னைக்கு சாயங்காலமே," என்றாள் அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "தூளையும் உள்ள வச்சுத்தான் குடுத்தேன்."