வீடு பார்க்கப் போய் ஒப்பாரி வைத்த கதை

வீடு வாங்கப் போகும்போது பெற்ற தாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அனுபவித்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரைக் கூட்டிப் போகலாம். அவர் குறை சொன்னால் நமக்குப் பழகிய விஷயம். நாத்தனாரைக்கூடக் கூட்டிப் போகலாம். அம்மா மட்டும் வேண்டவே வேண்டாம். (இதை யாராவது அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் அவர்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.)

ஹட்டனில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். கடையை நுவரெலியாவுக்கு மாற்றி, அங்கேயே நல்ல இடமாகப் பார்த்து ஒரு வீடும் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஊரெல்லாம் நான் சொன்ன காரணம், நுவரெலியாவில் கல்யாணங்கள் பெரிதாக நடக்கின்றன என்பது. உண்மையான காரணம் வேறு.

அம்மா இருந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அந்த மேட்டில் ஒரு வெடிப்பு. முதலில் விரல் போகிற அளவு இருந்தது, பிறகு கை போகிற அளவு ஆயிற்று. மழை பிடித்தால் மண் சரியும் என்று எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வார்கள். மழை விட்டதும் அதே மேட்டுக்குக் கீழே திரும்பி வந்து அடுப்பு மூட்டுவார்கள். வருஷா வருஷம் இதே கூத்துதான். மழை நாளில் போன் அடித்தாலே மேடு இறங்கிவிட்டது என்றுதான் நினைப்பேன். ஒரு தடவை மணப்பெண்ணுக்குக் கண்மை போட்டுக்கொண்டிருக்கையில் போன் அடிக்க, திரும்பிப் பார்த்த வேகத்தில் அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து காது வரைக்கும் கோடு இழுத்துவிட்டேன். (இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்தேன். பாவம், மறு காதுக்கும் இழுக்கச் சொன்னாள்.)

என்னோடு வந்துவிடுங்கள் என்று அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

"அங்க வந்து நான் செத்தா யாருடி வருவா?"

கேட்பது நியாயம்தான். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கொழுந்து எடுக்கப் போக மாட்டார்கள். இளவட்டங்கள் குழி வெட்டக் கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு விறகு வரும், பந்தல் எழும், சாயத்தண்ணி (பாலில்லாத தேநீர்தான்) ஓடிக்கொண்டே இருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்த வட்டத்துக்கு என் அம்மா ராக்கம்மாதான் தலைவி. அவர் ஒப்பாரி எடுத்தால் பிரேதமே எழுந்து கண்ணைத் துடைக்கும் என்பார்கள்.

"நீங்க சாகக் கூடாதுன்னுதாம்மா நான் வீடு தேடுறேன்" என்றேன்.

"தேடு. நான் சாகுறதுக்கு எடம் பாக்குறேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம்" என்றார் அம்மா. இடத்தை அவர் பார்த்துச் சரி என்றால்தான் வருவாராம்.

தரகர் மோகன்ராஜ் வலப்பனைக்காரர். டை கட்டுவார், எதிரில் யார் வந்தாலும் தன் விசிட்டிங் கார்டை நீட்டிவிடுவார். அவரிடம் நான் கொழும்பில் வளர்ந்தவள் மாதிரி பேசி வைத்திருந்தேன். ஆகவே அம்மாவுக்கு என்னுடைய கிளிப்பச்சைப் பட்டைக் கட்டிவிட்டேன். முத்து மாலை, கைப்பை, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர். நானோ, சூரியனே தலை காட்டாத நுவரெலியாப் பனியில் கறுப்புக் கண்ணாடி. அம்மாவிடம், "நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா சிரிச்சிக்கிட்டு இருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

முதல் இடம் ஏரிக்கரைப் பக்கம், புத்தம் புது அடுக்குமாடி. கண்ணாடிச் சுவர், வாசலில் காவலாளி, லிஃப்ட். மேலே போனால் ஏரி முழுக்கத் தெரியும் என்றார் தரகர். அன்றைக்குப் பனிதான் முழுக்கத் தெரிந்தது. பத்து ஜன்னல், குளியலறையில் சுடுதண்ணிக் குழாய், கீழே கார் நிறுத்த இடம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, அம்மா லிஃப்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஆளு செத்தா இதுல எப்பிடிக் கீழ கொண்டாருவீங்க? நிக்க வச்சா?"

தரகர் டையைச் சரிசெய்துகொண்டார். "சாமான் ஏத்துற லிஃப்ட் வேற இருக்குங்க அம்மா. பெரிசு."

"சாமானோட சாமானாவா?" என்ற அம்மா, சொன்னபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. முதல் இடம் அத்தோடு போயிற்று.

இரண்டாவது இடம் கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னால். பங்களாக்கள். ஆள் உயரத்துக்கும் மேலே மதில், மதில் மேல் கம்பி, உள்ளே நாய். வீடு அரண்மனை மாதிரி இருந்தது, எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நான் சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால், அடுத்த வீட்டுக் கேட்டில் மணியை அழுத்திவிட்டுச் சுவரிலிருந்த பேசுகிற பெட்டியிடம் சிங்களத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வருவீர்களா, மாட்டீர்களா?

பெட்டி ஒரு தடவை கரகரத்தது. பிறகு, "ஓன நே, ஓன நே" என்றது. வேண்டாம், வேண்டாமாம். ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள். நாய் வேறு அவர்கள் பக்கம் பேசியது.

"நம்ம சாவயே வேணாங்குறான் புள்ள. வா போவோம்" என்றார் அம்மா.

மூன்றாவது இடம் ஊருக்கு மேலே, ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகக்காரர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிற சரிவு. ரோஜாச் செடிகள், சுத்தமான பாதை, ஒரு சத்தம் கிடையாது. பாதை திரும்பியதும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. சாவு வீடு. அதுவும் நாங்கள் பார்க்க வந்த வீட்டுக்கு அடுத்த வீடு!

தரகருக்கு முகம் செத்துவிட்டது. "அது ஒண்ணுமில்லைங்க மேடம், இன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார்.

"ஒருத்தர் செத்துக் கெடக்காரு, ஒண்ணுமில்லங்குற?" என்ற அம்மாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம். "இரு, எத்தன பேரு வந்திருக்காங்கன்னு பாத்துட்டு வாரேன்." சொல்லி வாய் மூடவில்லை, ஆள் வாசலைத் தாண்டியாயிற்று. கிளிப்பச்சைப் பட்டோடு. நான் பின்னாலேயே ஓடினேன். தரகர் என் பின்னால் ஓடி வந்தார்.

உள்ளே நல்ல பெரிய ஹால். நடுவே பெட்டியில் ஒரு பெரியவர் கோட்டுப் போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு. கால்மாட்டில் ஒரு ஸ்டாண்டில் போன். அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள், இறந்தவரின் மனைவி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக ஏழெட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

அம்மா சுற்றிப் பார்த்தார். யாரும் அழாத சாவு வீட்டை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முத்து மாலையைக் கழற்றி என் கையில் திணித்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். "அம்மா, வேணாம்மா, கும்புடுறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைத் திறந்துவிட்டார்.

"பத்து சன்னல் வச்ச வீட்ட
பாக்காமப் படுத்ததென்ன
சுடுதண்ணிக் கொழா இருக்க – ஒன்
ஒடம்பு குளுந்ததென்ன
காரு நிக்க எடமிருக்க – நீ
காலாற நடந்ததென்ன…"

காலையிலிருந்து தரகர் சொன்னதெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அது சிங்களவர் வீடு, ஹாலில் அம்மாவைத் தவிரத் தமிழ் தெரிந்தவர்கள் நானும் தரகரும்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் தலையில் ஏற்றியிருந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டேன்.

போனிலிருந்த மகன் பதறிப்போய், யார் அந்தப் பொம்பளை என்று சிங்களத்தில் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழியில் போனோம், கேள்விப்பட்டு வந்தோம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆயிரம் மணப்பெண்களின் மாமியார்களைச் சமாளித்த இந்த வாய், அன்றைக்குப் பார்த்து உண்மையைப் பேசியது.

"நாங்கள் வீடு பார்க்க வந்தோம்" என்றேன் நல்ல சிங்களத்தில்.

அந்த நேரத்தில் அம்மாளின் தம்பி போலிருந்த ஒருவர் தரகரை முறைக்க, இந்த மனிதர் பழக்க தோஷத்தில் விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டார்!

போன் வெடித்தது. "அப்பாவை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் வீட்டை வாங்க வந்துவிட்டார்களா? வெளியே தள்ளுங்கள்!" இரண்டு பேர் எங்களை நோக்கி வந்தார்கள். அவமானத்தில் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவோ எதுவுமே காதில் விழாதவர் போல ஒப்பாரியின் அடுத்த அடிக்குப் போய்விட்டார்.

அப்போது வெள்ளைச் சேலை அம்மாள் எழுந்தார். நேராகப் போனிடம் போய், கத்திக்கொண்டிருந்த மகனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்து, தரையில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு கையை அவர் தோளில் போட்டு இழுத்துக்கொண்டார், லயத்தில் செய்கிற மாதிரியே. அவ்வளவுதான். அந்த அம்மாள் வாய்விட்டுக் கதறினார். அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டிருக்காது. எனக்கும் அடக்க முடியவில்லை. யாரென்றே தெரியாத அந்தப் பெரியவருக்காக நான் ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள். அந்த மேடும் வெடிப்பும்தான் என் கண் முன்னால் நின்றன.

அம்மாவின் கையை அந்த அம்மாள் விடவே இல்லை. ஆகவே பிரேதம் எடுக்கும்வரை நாங்கள் போக முடியவில்லை. நான் சமையலறைக்குள் போய்ச் சாயத்தண்ணி ஊற்றினேன். மோகன்ராஜ் டையைக் கழற்றிவிட்டு நாற்காலி தூக்கினார்.

திரும்பும் வழியில், "இந்த எடமும் சரியில்ல. இம்புட்டுப் பெரிய மனுசன் செத்ததுக்கு வந்தது நம்மளோட சேத்துப் பத்துப் பேரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. ஹட்டன் போய்ச் சேரும்வரை கையிலிருந்த முத்து மாலையையே உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஏழாம் நாள், பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற தானத்துக்கு அந்த அம்மாள் ஆள் அனுப்பி அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். போய் வந்த அம்மா என் கடையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்த அடுத்த வீட்டையே வாங்கிப் போடு புள்ள" என்றார்.

"அங்க செத்தா யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"எனக்கு யாரும் வர மாட்டாங்கதான். அந்த நோனா செத்தா அதுக்கு யாருடி இருக்கா? மகன் போன்லதான் வருவான்."

அவர் பெற்ற மகள் நான், கெஞ்சினேன், அழுதேன், சத்தியம் செய்தேன், அசையவில்லை. எவரோ ஒரு நோனாவின் (பெரிய வீட்டுச் சிங்கள அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள்) சாவுக்கு ஆள் பற்றாது என்றதும் மூட்டை கட்டிவிட்டார். கோபப்படுவதா, கும்பிடுவதா? இரண்டையும் ஒத்திவைத்துவிட்டுக் கடன் எடுக்கப் போனேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறோம். நோனா இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். இரண்டு பேருக்கும் பாதி மொழிதான் பொருந்தும். யார் முதலில் போவது என்று தினமும் சண்டை. அந்தச் சரிவில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். முச்சக்கரவண்டிக்காரர்களுக்கு எங்கள் வீடு 'அண்டன அம்மாவின் வீடு', அழுகிற அம்மாவின் வீடு. இங்கே மாற்றிய என் கடைக்கு நான் பெரிய எழுத்தில் போர்டு வைத்தேன். மணப்பெண்களும் அழுகிற அம்மாவைக் கேட்டுத்தான் வந்து சேருகிறார்கள்.

ஆனால் மழை பிடித்தால் அம்மா ஜன்னலோரம் போய்விடுகிறார். நான் காப்பாற்றியது அம்மா ஒருவரைத்தான். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டிய அத்தனை பேரும் இன்றைக்கும் அந்த மேட்டுக்குக் கீழேதான் அடுப்பு மூட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்காகப் போன் போடுவார்.

"ஸ்கூலுக்குப் போய்ட்டீங்களாடி? கெளம்புங்கடி மொதல்ல. நீங்கள்லாம் போய்ச் சேந்துட்டா எனக்கு யாருடி அழுவா?"

அந்தப் பக்கம் மழைச் சத்தத்தோடு சிரிப்புக் கேட்கும். "ஒங்களுக்கு அழாம நாங்க சாவோமாக்கா?" என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் யாரையும் 'பார்த்துப் போங்க' என்று சொல்லி அனுப்புவதில்லை. கப்பலுக்குக் கிளம்பும் என் வீட்டுக்காரரைக்கூட வாசலில் நின்று இப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

"உசுரோட வாங்க. அழுறதுக்கு ஆளு பத்தல."