பேணி அண்ணையும் காகத்துச் சோறும்

மோர்னிங்சைட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் வரிசை ரவுண்ஹவுஸ்களில் குடியிருந்த அத்தனை பேரையும் ஒரே நாளில் கோபப்படுத்தக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பேணி அண்ணை என்றால் எல்லோருக்கும் தெரியும். கையில் எந்நேரமும் ஒரு பால்மாத் தகரப் பேணி இருக்கும். உள்ளே பால்மா இல்லை, ஒரு பிடி கூழாங்கல். அதை அவர் குலுக்கினால் தூங்குகிற குழந்தை எழும்பும், எழும்பிய குழந்தை அழும். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. இப்போதும் யாராவது ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஊரில் அவர் பஸ் கொண்டக்டர். மகன் ஸ்பொன்சர் பண்ணி இந்தக் குளிர் நாட்டுக்குக் கூப்பிட்டபோது பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவர், குரலை விட்டுவிட்டு வரவில்லை. அவர் 'குட்மோர்னிங்' என்று சொன்னாலே நாம் இரண்டடி உள்ளே தள்ளி நிற்போம்.

எங்கள் பின்வளவுகளுக்கு அப்பால் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் பற்றையும் ஓடையுமாக ஒரு பெரிய பள்ளம். ஒரு மார்ச் மாதக் காலை, அங்கிருந்து சாம்பல் நிற நாய் ஒன்று ஏறிவந்து வேலி ஓட்டைக்குள்ளால் எங்களைப் பார்த்தது.

"பாவம், ஆரின்ரையோ நாய். பசி போல" என்று என் கணவர் பாண் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மூன்று வீடு தள்ளி இடி இடித்தது. "தம்பி, எறியாதை! நாயில்லை அது, கயோட்டி! ஓநாய்ச் சாதி! எறியாதை!"

பேணி குலுங்கியது. கயோட்டி பள்ளத்துக்குள் ஓடியது, என் கணவர் வீட்டுக்குள் ஓடினார். இரண்டு பேரில் யார் முதலில் போய்ச் சேர்ந்தது என்று சொல்வது கஷ்டம்.

அதற்குப் பிறகு சிற்றி நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒன்றுக்கும் சாப்பாடு வைக்காதீர்கள், கிட்ட வந்தால் ஓடாதீர்கள், சத்தம் போட்டு உங்களைப் பெரிதாகக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு அன்று மத்தியானமே மறந்துபோனோம். பேணி அண்ணை மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்த அதிகாரி இன்று என் கண்ணில் பட்டால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஜாக்கெற்றைத் திறந்து இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கச் சொல்வார். "பெரிசாத் தெரியோணும்! உது காணாது! இன்னும் பெரிசா!" எலும்பை உறைய வைக்கிற குளிரில் பிள்ளைகள் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். என் மகளுக்கு இரண்டு கிழமை தடிமன், மூக்கொழுக்கு. தபால்காரர் ஒருநாள் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டும்போது அவருடைய காதுக்குப் பக்கத்தில் பேணியைக் குலுக்கிவிட்டார். கேட்டால், "பழக்கத்தில வந்திட்டுது" என்றார்.

குப்பைப் பைகளின் கதை இன்னும் மோசம். கயோட்டியைக் கூப்பிடுகிற சாமான் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க, பைகளை அவிழ்த்துச் சோதிப்பார். சோதித்ததை வாசலில் நின்று அறிவிப்பார். கந்தசஷ்டியின் நாலாம் நாள் காலை, பதினாலாம் நம்பர் அன்ரியின் பையை அவிழ்த்தார். அந்த அன்ரி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தவ.

"பதினாலாம் நம்பர்! கோழிக்கால் எலும்பு, ஏழு! பையை இறுக்கிக் கட்டுங்கோ!"

அன்ரியின் மானம் கப்பலேறியது. அதற்குப் பிறகு அவ கோயிலுக்கு வேறு பாதையால் போகத் தொடங்கினா.

சரி, அடுத்த வீட்டுக்காரரின் மானம் போனால் நான் சிரிப்பேன். என் வாசலுக்கு வந்தபோதுதான் எனக்குப் பிடித்தது விசர்.

அந்த வருஷம் தை மாதம் ஊரில் அம்மா செத்துப்போனா. அங்கே சண்டை. பாதை பூட்டு, ரெலிபோன் இல்லை. செய்தி என் காதுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து பதினொரு நாள். நான் ஒரே பிள்ளை. எங்கள் ஆட்கள் ஒருவரும் செத்தவீட்டில் நிற்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். யாரோ அயலட்டைக்காரர்கள் காவிக்கொண்டு போனார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சண்டை பிடிக்கிறவர்கள் மேலே கோபம், பிளேன் மேலே கோபம், என் மேலே கோபம். செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு நாளும் சமைத்தவுடன் ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய்ப் பின்வளவில் காகத்துக்கு வைத்தேன். காகம் தின்றால் அம்மா தின்ற மாதிரி. பின்னேரம் போய்ப் பார்த்தால் ஒரு பருக்கை இருக்காது. அம்மா வயிறு நிறையச் சாப்பிடுகிறா என்று எனக்கு ஓர் ஆறுதல்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டிய அன்று மத்தியானம் வேலிக்கு அப்பால் பேணி அண்ணையின் குரல் கேட்டது. "பிள்ளை! வெளியில வா! காகம் எப்ப தொடக்கம் நாலு காலில நடக்குது?"

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் வேலி ஓட்டையிலிருந்து சோறு வைத்த இடம் வரை அச்சடித்தது போல நாலுகால் தடங்கள். காகத்தின் கால் ஒன்றுகூட இல்லை.

"உங்கட வேலையைப் பாருங்கோ அண்ணை" என்றேன்.

"இதுதான் என்ரை வேலை. நீ வைக்கிறதாலதான் அது படி வரைக்கும் வருது. உன்ரை மகள் விளையாடுற இடமெல்லே?"

"அது என்ரை அம்மாவுக்கு வைக்கிற சோறு!"

"கொம்மாவுக்கு எண்டு சொல்லிக் கயோட்டிக்குத் தீத்திறாய்!"

கதவை அடித்துச் சாத்தினேன். கண்ணாடி அதிர்ந்தது. மகளைப் பற்றி அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் அவ்வளவு ஆத்திரம். பத்து மாதம் அம்மாவின் பெயரைச் சொல்லி ஒரு காட்டு விலங்கை வளர்த்திருக்கிறேன். அன்றோடு சோறு வைப்பதை நிறுத்தினேன். அடுத்த கிழமை, கயோட்டியைச் சுட்டுப்போடச் சொல்லிக் குடியிருப்புக்காரர் சிற்றிக்குக் கடிதம் எழுதியபோது முதல் கையெழுத்து என்னுடையது.

பேணி அண்ணை பேனையைத் தொடவில்லை. "சோறு வைச்சது நீங்கள், எலும்பு போட்டது நீங்கள். சாகிறது மட்டும் அதுவோ?" என்று கேட்டார். கடிதம் போன இடமும் தெரியவில்லை. நான் அவரோடு கதைப்பதை விட்டேன்.

தை பிறந்து, அம்மா செத்து வருஷம் முடிகிற ஆட்டைத் திவசம் வந்தது. எது வந்தாலும் அன்றைக்குக் காகத்துக்கு வைத்தே ஆகவேண்டும். காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். ஐயர் வந்து கிரியை முடித்தார். நான் வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வடையும் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தால், பேணி அண்ணை நிற்கிறார்.

"வை" என்றார். "நான் நிக்கிறன். காகம் திண்ட உடன மிச்சத்தை அள்ளோணும். ஒரு பருக்கை கிடக்கப்படாது."

வைத்தேன். மரத்தில் இரண்டு காகம் வந்து குந்தின. அதே நேரம் வேலி ஓட்டைக்குள்ளால் சாம்பல் நிற மூஞ்சி நீண்டது. அண்ணை பேணியைக் குலுக்கினார். கயோட்டி பின்வாங்கியது. காகங்களும் பறந்துபோயின. கொஞ்ச நேரத்தில் காகம் வந்தது, கயோட்டியும் வந்தது. பேணி குலுங்கியது. எல்லாம் போய்விட்டன. மூன்றாம் முறையும் இதேதான். எனக்குள் ஒரு வருடமாகக் கிடந்தது எல்லாம் வெடித்தது.

"உங்கட பேணியாலதானே காகமும் ஓடுது! செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை! இண்டைக்கும் அந்த மனிசியைப் பட்டினி போடச் சொல்லுறீங்களோ?"

வரிசை முழுவதும் யன்னல் சீலைகள் விலகின. அவர் திருப்பிக் கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. பேணியை ஒருமுறை பார்த்தார். சத்தம் வராமல் மெல்ல என் கையில் தந்தார். பிறகு வேலி ஓட்டைக்கும் இலைக்கும் நடுவில் போய் நின்று, ஜாக்கெற்றைத் திறந்து விரித்துப் பிடித்துக்கொண்டு, வாயை மூடினார்.

பேணி அண்ணை வாயை மூடியதை நாங்கள் ஒருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கயோட்டி ஓட்டைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். பத்து நிமிடம் போனது, இருபது போனது. மூக்கு சிவந்து ஒழுகியது, துடைக்கவில்லை. ஓர் அணில் அவருடைய சப்பாத்துக்கு மேலால் ஓடியது. வாய் மட்டும் துடித்தது. பேசாமல் நிற்பது அவருக்குக் குளிரைவிடக் கஷ்டம் என்று பார்க்கவே தெரிந்தது. உள்ளே, திவசத்துக்கு வந்த சனம் பசியோடு இருந்தது. ஐயர், கொஞ்சம் தள்ளி அஜக்ஸில் இன்னொரு திவசம் இருக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தார். நான் பேணியை நெஞ்சோடு அணைத்து, ஒரு கல்லும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பதாவது நிமிடம் ஒரு காகம் இறங்கியது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. வடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றைக் கொத்தியது, பிறகும் கொத்தியது, மூன்றாம் தரமும் கொத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது. எனக்கு ஒரு வருடமாக வராத அழுகை அங்கேயே வந்தது.

அண்ணை இலையோடு எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். என்னிடமிருந்து பேணியைப் பறித்தார். நாற்பது நிமிடமாக அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துக் கயோட்டியைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார். அது பள்ளத்தில் இறங்கிப் போனது. அந்தக் குளிர்காலத்தில் பிறகு எங்கள் படிக்கு வரவில்லை.

அண்ணையை உள்ளே கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் இருத்தினேன். விரல் விறைத்துச் சோற்றைக் குழைக்க முடியவில்லை. ஆனாலும் இரண்டாவது வாயிலேயே தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, பயித்தங்காய்க் கறிக்கு உப்புக் காணாது."

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ அண்ணை" என்று சொல்லி இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டேன்.

அடுத்த நாள் விடிய முன்வாசலில் பேணி குலுங்கியது. எனக்குப் பத்திக்கொண்டுதான் வந்தது. ஆனால் அம்மாவுக்காக எங்கள் ஆட்கள் ஒருவரும் நிற்கவில்லை என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.