கைநீட்டத்தில் போன கடற்போர்கள்

"குளச்சல் எங்கே?" என்று தாணுலிங்கம் கத்தினார். அடுக்களையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி சரஸ்வதியம்மாள் காலிப் பெட்டியைப் பார்த்தாள்.

குளச்சல் போர் தொடங்கி உலகத்துக் கடற்போர்களைப் பொறித்த வெள்ளி நாணயங்கள், பல வருஷம் தேடிச் சேர்த்த முழு வரிசை. கையுறை போடாமல் மனைவியைக்கூடத் தொடவிட்டதில்லை. நாளைக்கு நாணயக் கண்காட்சியில் முதல் மேசை அவருக்கு. ரிட்டயரான கணக்கரை யாரும் சீண்டாத திருவனந்தபுரத்தில் மிச்சமிருந்த மரியாதை அந்த மேசை ஒன்றுதான்.

சரஸ்வதியம்மாள் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இன்னைக்கு விஷுல்லா? வருஷப்பிறப்புக்குக் கையில வச்சுக் குடுக்குத கைநீட்டமா நாந்தான் எடுத்துக் குடுத்துட்டேன். வேற காசு இல்ல."

"யாருக்குட்டி குடுத்தே?"

"பிளாட்டுல எல்லாருக்கும்."

"கூறுகெட்டவளே!"

எதிர்வீட்டு ஷீனாவின் மகள் ஆர்ஷா, டிரஃபால்கர் போரைப் பாயசக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். தாணுலிங்கம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். "மக்ளே, அந்தக் காசை இங்க தா."

ஷீனா பாய்ந்து வந்து காசைப் பிடுங்கிக்கொண்டாள். "இதுக்கு அஞ்ஞூறா? அப்போ தங்கமாணோ அங்கிளே?"

"தங்கமா? வெறும் தகரம். செல்லாக்காசு!" என்று அவசரத்தில் புளுகினார்.

பிளாட்டின் வாட்ஸ்ஆப் குழுவில் செல்லாக்காசுச் சேதி உடனே ஏறியது. ஆளுக்கொரு போரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் மாடிப்படிக்கு வந்துவிட்டார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா செல்லாக்காசு தந்து எங்கள அபமானிச்சீங்க, இல்லியா?" என்றாள் ஷீனா.

"நானில்ல! எல்லாம் இவ செஞ்ச வேலை!"

ஷீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தவள் சட்டென்று அடங்கிவிட்டாள். சரஸ்வதியம்மாள் முன்னால் வந்து எல்லாரையும் கும்பிட்டாள். "நாந்தான் தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க."

காசுகள் திரும்பி வந்தன. அத்தனை பேர் முன்னால் அவள் கூனிக்குறுகி நின்றது தாணுலிங்கத்துக்கு உறைக்கவில்லை. லெபான்டோ போர்க் காசில் விழுந்திருந்த கீறல்தான் வலித்தது.

குளச்சல் மட்டும் குறைந்தது. அது வாட்ச்மேன் வன்னியராஜிடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

"நீங்க இருங்க, நான் போய் வாங்கியாறேன்" என்று சரஸ்வதியம்மாள் கையைப் பிடித்தாள்.

"நீ கிழிச்சது போதும்!" உதறிவிட்டு லிஃப்டில் இறங்கினார்.

வன்னியராஜ் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துப் பணிவாகக் கொடுத்தான். குளச்சல் கைக்கு வந்தும் தாணுலிங்கத்துக்கு ஆத்திரம் ஆறவில்லை. "அவளைக் கட்டிட்டு நான் படுத பாடு இருக்கே! ஒருநாள் என்னையே எடுத்து எவனுக்காவது குடுத்துருவா."

வன்னியராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அம்மாவ ஏன் சாரே ஏசுதீங்க? விடியக்காலத்துல வீடு வீடா ஏறி, எல்லாரு கையிலயும் வச்சுத் தந்தது நீங்கல்லா?"